அடுத்த வகுப்பில் பார்ப்போம்

பேராசிரியர் ஞானதிரவியம் அந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவரானது தூக்கத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கல்லூரிக் கூட்டத்தில் முதல்வர் ஏதோ கேட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார். இவர் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். விழித்துப் பார்த்தால் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'உயர்கல்வியில் காணொளிவழித் தொலைக்கல்வியின் சாத்தியக்கூறுகள்' என்ற ஆய்வு அப்படித்தான் அவர் தலையில் வந்து விழுந்தது. முப்பது வருடமாக இயற்பியல் நடத்துகிறவரைவிட இதற்குப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள் என்று முதல்வர் பேசியதை மட்டும் அவர் முழு விழிப்போடு கேட்டார். தன்னைப் பற்றி நல்லதாக யார் சொன்னாலும் மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஆய்வு இதுதான். 'தொலைமுகம்' என்ற நிறுவனம் ஒரு வருடம் முழுக்க அவருடைய வகுப்பறையில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்தது. அதிலிருந்து அவருடைய பிம்பம் ஒன்றைச் செய்தது. பழைய காணொளிப் பாடம் பதிந்ததையே ஒப்பித்துக்கொண்டிருக்கும். எதிரே இருப்பவன் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அதற்குத் தெரியாது. இந்தப் பிம்பம் அப்படியில்லை. திரைக்கு முன்னால் இருக்கும் மாணவனின் முகத்தைப் பார்க்கும். புருவம் சுருங்கினால் இன்னொரு தடவை சொல்லும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும். அதுவும் ஞானதிரவியத்தின் குரலில், பாளையங்கோட்டைப் பேச்சில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.

பாளையங்கோட்டை வகுப்பறையில் உட்காரும் அ பிரிவுக்கு அசல் ஞானதிரவியம். மலை எஸ்டேட்டிலும் கடலோரத்திலும் பேருந்து எட்டிப் பார்க்காத ஊர்களிலும் இருக்கும் ஆ பிரிவுக்குப் பிம்பம். வருடக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு, 'சாத்தியம்' அல்லது 'சாத்தியமில்லை' என்று குழுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சாத்தியம் என்றால் அடுத்த கல்வியாண்டு முதல் நேரடி வகுப்பு இல்லை. சம்பளத்துக்குக் குறைவில்லை, 'மதிப்புறு ஆலோசகர்' என்று பெயரும், தனி அறையும் உண்டு. ஆனால் வகுப்பு போய்விடும். ஞானதிரவியத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. வீட்டில் அவர் தொடர்ந்து ஐந்து நிமிடம் பேசி யாரும் கேட்டதில்லை. சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து "உக்காருங்க" என்று சொல்லும் அந்த நிமிடத்தில்தான் தானும் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றும். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. அதனால் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே முடிவை மனத்துக்குள் எழுதிவிட்டார்: சாத்தியமில்லை. இனி காரணம்தான் தேட வேண்டும். அறிவியலில் செய்யவே கூடாத காரியம் இது என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவரே நடத்தியிருக்கிறார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு நிபந்தனையும் சேர்த்தார். பாடச் செய்தியைப் பிம்பம் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வகுப்பில் நடந்துகொள்ளும் முறை முழுக்கத் தன்னுடையதாகவே இருக்க வேண்டும், தான் செய்யாத எதையும் அது செய்யக் கூடாது. தன் பாணி கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை. அப்படியொரு பாணி இருக்கிறது என்று அவரைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிவு வந்தது. ஆ பிரிவு அ பிரிவை மண்ணைக் கவ்வ வைத்திருந்தது.

"என்னய்யா இது? ஒரே ஆளு, ஒரே பாடம்" என்றார் ஞானதிரவியம். தன்னிடமே தோற்றுப்போனவன் யாரிடம் போய் முறையிடுவது என்று புரியவில்லை. எதிரே தொலைமுகத்தின் பொறியாளர் பவித்ரன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். சென்னைப் பையன். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவன். அதனால் உண்மையைச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பிம்பம் பசங்களோட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிடுது."

"நானுந்தான் சொல்லுதேன்."

"நீங்க 'நல்ல கேள்வி, அடுத்த வகுப்புல பார்ப்போம்'னு சொல்றீங்க சார்."

"ஆமா. அதுக்கென்ன?"

"பிம்பமும் உங்ககிட்ட கத்துக்கிட்டு அதையேதான் சொல்லுது. ஆனா அடுத்த வகுப்புல பார்த்துடுது."

ஞானதிரவியம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பாலர் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து காப்பாற்றி வரும் ஏற்பாடு அது. 'அடுத்த வகுப்பில் பார்ப்போம்' என்று ஆசிரியர் சொல்வார். அத்தோடு அவர் மறந்துவிடுவார். மாணவனும் நாகரிகமாக நினைவுபடுத்தாமல் இருந்துவிடுவான். அது 'பேச்சை இத்தோடு விடு' என்பதற்கு மரியாதையான வார்த்தை என்று எல்லாருக்கும் தெரியும். இயந்திரத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பாவம், வாக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு விடிய விடியத் தேடிப் படித்து, மறுநாள் வந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த வாரமே தேன்பாறை எஸ்டேட்டிலிருந்து ரூபவதி அழைத்தாள். ஆ பிரிவு மாணவி. காலையில் எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை, மதியம் படிப்பு. கைபேசித் திரையில் அவளுக்குப் பின்னால் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், மாநிலக் கருத்தரங்குல பேச என்னைத் தேர்வு பண்ணிட்டாங்க. நீங்க சொன்ன பதிலை வெச்சுத்தான் எழுதினேன். உங்க பேரையும் போட்டிருக்கேன்."

ஞானதிரவியத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "எந்தப் பதில்மா?" என்று, ஏகப்பட்ட பதில்களைச் சொன்னவர் போலக் கேட்டார்.

"வெப்ப இயக்கவியல்ல சார். சூடான டீ தானா ஆறுது, ஆறுன டீ தானா சூடாகாது, உலகத்துல எல்லாமே கலைஞ்சுக்கிட்டுத்தான் போகுதுன்னு நடத்துனீங்க. அப்படிக் கலையணும்னா முதல்ல எல்லாம் அடுக்கா இருந்திருக்கணுமே, அதை அடுக்கி வெச்சது எதுன்னு கேட்டேன். அடுத்த வகுப்புல பார்ப்போம்னீங்க. மறுநாள் நானே திரும்பக் கேட்டேன். அப்பத்தான் அந்த சுவீடன் நாட்டு லிண்ட்கிராஃப்ட் பண்ணுன சோதனையைச் சொன்னீங்க."

"ஓ, லிண்ட்கிராஃப்ட்" என்றார் ஞானதிரவியம். அந்தப் பெயரை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

போனை வைத்ததும் அந்தப் பாடப் பதிவைப் போட்டுப் பார்த்தார். பிம்பம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லிண்ட்கிராஃப்டின் சோதனையை அழகாக விளக்கியது. எவ்வளவு நம்பிக்கை, என்ன தெளிவு. அவருக்கே பெருமையாக இருந்தது. நூலகத்துக்குப் போய்ப் புரட்டினார். இணையத்தில் தேடினார். அப்படி ஒரு மனிதர் பிறக்கவும் இல்லை, சோதனை செய்யவும் இல்லை. அரை நாள் தேடிய பிறகுதான், தன் குரலில் வந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தானும் அதை நம்பியிருந்தது உறைத்தது.

பவித்ரனை வரச் சொல்லிப் பிடித்துக்கொண்டார். "ஒம்ம இயந்திரம் பொய் சொல்லுதுய்யா" என்றார். குரலில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். தேடிய காரணம் தானாகவே வீடு தேடி வந்துவிட்டதே.

பவித்ரன் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் மேசையைத் தடவினான். "சார், அதுக்குப் பதில் கிடைக்கலன்னா அது உங்களைத்தான் பார்க்கும். இந்த மாதிரி நேரத்துல சார் என்ன பண்ணுவார்னு. ஒரு வருஷப் பதிவுலயும் தேடிட்டேன். முதல் தடவை கேட்டா ஒத்திப் போடுறீங்க. ரெண்டாவது தடவையும் ஒருத்தன் கேட்டா..." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.

திரையில் அசல் ஞானதிரவியம். ஒரு பையன் எழுந்து நின்று, கண்ணாடி என்பது திடப்பொருளா திரவமா என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறான். இவர் ஒரு விநாடிகூடத் தயங்காமல், "அதை ஹாலந்துல வான் ரீபர்க்னு ஒருத்தர் அப்பவே தீர்த்துட்டாருல. உன் சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்கிறார்.

"வான் ரீபர்க் யார் சார்?" என்றான் பவித்ரன், நிஜமான ஆர்வத்தோடு.

ஞானதிரவியம் ஜன்னல் வழியாகச் சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிய்யா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லச் சொல்ல வேண்டியதுதான?"

"அதைத்தான் தேடினேன் சார். 'எனக்குத் தெரியாது'ங்கறதை நீங்க ஒரு வகுப்புலகூட சொல்லல. நீங்க செய்யாததை அது செய்யக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. உங்க நிபந்தனைதான்."

சாயங்காலம் வீட்டில், மனைவி சாந்தசீலியிடம் இதை ஒரு தமாஷ் போலச் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "இதுக்கு எதுக்கு ஒரு வருசம் கேமரா வெச்சாக? என்கிட்ட கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பேன். அடுக்களைக் குழாய் ஏன் ஒழுகுதுன்னு கேட்டா பெர்னூலி விதின்னு சொல்லுத ஆளு நீங்க. குழாய் இன்னும் ஒழுகத்தான் செய்யுது."

வருடக் கடைசிவரை காத்திருக்காமல் மறுநாளே அறிக்கையை எழுத உட்கார்ந்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. பிம்பம் இல்லாத விஞ்ஞானிகளைப் படைக்கிறது, எனவே சாத்தியமில்லை. பொய்கூட இல்லை. வகுப்பு பிழைத்தது. அந்த எஸ்டேட் பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, கருத்தரங்கில் அவமானப்படாமல் காப்பாற்றிவிட்டால் மனசாட்சிக்கும் வேலை இல்லை. ரூபவதியை அழைத்தார்.

"அந்த லிண்ட்கிராஃப்ட் சமாச்சாரம் தப்பும்மா. நான் சொல்லல. அந்தப் பிம்பம் சொன்னது."

அவள் முகம் சிறுத்துப்போயிற்று. பிறகு, "அப்போ இந்தக் காணொளி வகுப்பை நிறுத்திருவாங்களா சார்?" என்றாள். அவள் கருத்தரங்கைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். "நான் கீழ வந்து ஹாஸ்டல்ல சேர்ந்தா இங்க சம்பாதிக்க ஆளில்ல சார். மேல எங்க லைன் வீடுகள்ல மட்டும் நாலு பேர் படிக்கிறோம். எங்களுக்கு இதுதான் காலேஜ்."

அறிக்கை எதிரே மேசையில் இருந்தது.

"சரி சார், அதை விடுங்க. அப்போ என் கேள்விக்குச் சரியான பதில் என்ன?"

"நல்ல கேள்வி. அடுத்த வகுப்..." என்று வாய் தானாகத் தொடங்கிப் பாதியில் நின்றது. இயந்திரத்தில் கோளாறு என்று எழுதியிருக்கிறாரே, கோளாறு எங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு அப்போது நன்றாகவே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. "நாளைக்கு நானே கூப்பிடுதேன்மா" என்று வைத்துவிட்டார்.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அவருக்கு வகுப்பு மிஞ்சும், மலையில் இருக்கிறவர்களுக்குக் கல்லூரி போகும். ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் பிம்பம் திருந்தும், மலையில் கல்லூரி நிற்கும், இவர் வகுப்பு போகும். கடைசிவரை தன் சார்பாக வாதாடிப் பார்த்தார். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த முகத்துக்கு முன் அது எடுபடவில்லை. பவித்ரனை அழைத்து, "மைக்கைக் கொண்டாரும்" என்றார்.

மைக் வந்தது. "எனக்குத் தெரியாது" என்றார் ஞானதிரவியம்.

பவித்ரன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "சார், இதுல ஒரு மிரட்டல் இருக்கு. 'எனக்கா தெரியாது'ன்னு கேக்குற மாதிரி."

மறுபடி சொன்னார். இந்தத் தடவை தியாகி மாதிரி இருந்ததாம். மறுபடி. வேறு யாரோ தப்புச் செய்ததைக் காட்டிக்கொடுப்பது போல இருந்ததாம். "படிச்சுக் காட்டினா எடுத்துக்காது சார். ஒருத்தர் கேக்கணும், உங்களுக்கு நிஜமாவே தெரியாம இருக்கணும், வகுப்புல பசங்க முன்னாடி சொல்லணும். அப்பத்தான் அது கத்துக்கும்."

அப்படியாக, மறுநாள் அ பிரிவில் கேமரா மறுபடி வைக்கப்பட்டது. பவித்ரன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். ஞானதிரவியம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "யாராவது ஒரு கேள்வி கேளுங்கல" என்றார்.

வகுப்பு திடுக்கிட்டது. முப்பது வருடமாகக் கேட்கவிடாமல் பழக்கிவிட்டு, திடீரென்று கேள் என்றால் யார் கேட்பார்கள். கடைசியில் ஒரு பையன் தைரியமாக எழுந்து, "சார், இது இன்டர்னல் டெஸ்டுக்கு வருமா?" என்றான். துரதிர்ஷ்டவசமாக அதற்கு அவருக்குப் பதில் தெரியும்.

வேறு வழியில்லாமல் சுவர்த் திரையில் ரூபவதியை வரவழைத்தார். "நேத்துக் கேட்டதை இவங்க எல்லாருக்கும் கேக்குத மாதிரி கேளும்மா" என்றார்.

அவள் கேட்டாள். டீ, கலைவது, அடுக்கி வைத்தது எது என்ற கேள்வி. பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அவர் சாக்பீஸைப் பார்த்தார்.

"அது வந்தும்மா, விஞ்ஞானிகள் யாருக்குமே இன்னும்..." கடைசி பெஞ்சில் பவித்ரன் லேசாகத் தலையை ஆட்டினான். யாருக்கும் தெரியாது என்பது வேறு. அப்படிச் சொன்னால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

காது சூடேறியது. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "தேடிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

கூரை இடிந்து விழவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ரூபவதி, "சரிங்க சார்" என்று இயல்பாகச் சொன்னாள். அப்போது ஜன்னலோரத்தில் ஒருவன் எழுந்தான். அந்தக் கண்ணாடிக் கேள்விக்காரன்.

"சார், அந்த வான் ரீபர்க்..."

"அப்படி ஒரு ஆளே கிடையாதுல. அதும் எனக்குத் தெரியாது."

வகுப்பில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவன். எத்தனை காலமாக மடியில் கட்டி வைத்திருந்தார்களோ, கேள்விகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சிலவற்றுக்கு அவருக்குப் பதில் தெரிந்தது, சொன்னார். மற்றவற்றுக்குத் தெரியாது என்றார். சொல்லச் சொல்ல அது சுலபமாகிக்கொண்டே வந்தது. மணி அடித்த பிறகும் ஒருவனும் எழுந்து போகவில்லை. அவர் வாழ்நாளில் எடுத்த வகுப்புகளில் அதுதான் நல்ல வகுப்பு. அது போகப் போகிறது என்பதும் அப்போதே தெரிந்திருந்தது.

பவித்ரன் கேமராவை அணைத்துவிட்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "சார், ஒண்ணு போதும்னுதான் கேட்டேன்."

அன்று மாலையே பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டு 'சாத்தியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரூபவதி கருத்தரங்கில், பதில் தெரியாத அந்தக் கேள்வியைப் பற்றியே பேசினாள். ஆசிரியரின் பெயரை எடுக்காமல் விட்டுவிடுவாள் என்று இவர் ரகசியமாக எதிர்பார்த்திருந்தார். அவள் எடுக்காமல் விடவில்லை. 'இது எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட எங்கள் பேராசிரியர்' என்று முழுப்பெயரோடு சொன்னாள். பெருமைப்படுவதா கூடாதா என்று அவரால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்தது. மதிப்புறு ஆலோசகரின் அறை சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. ஆலோசனை கேட்டு முதலில் வந்தவர், சைக்கிள் சாவியைத் தொலைத்தவர். ஞானதிரவியம் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மத்தியானம் வரை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். துக்கமாகத்தான் இருந்தது. அதற்கு அவர் யாரிடமும் பெர்னூலி விதி என்று சாக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தால், அவருடைய குரல்.

"வணக்கம் சார். நான்தான் சார், பிம்பம் பேசுதேன்."

தன்னைத் தானே சார் என்று கூப்பிடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். "சொல்லும்" என்றார் கெத்தாக.

"ஒரு கேள்வி வந்திருக்கு சார். தண்ணி குடிக்கிற டம்ளர்க் கண்ணாடி உண்மையிலேயே உறைஞ்சதா, இல்ல உறைய நேரமில்லாம நின்னுபோனதான்னு ஒரு பையன் கேக்கான். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அத்தோட, தேடிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்னும் சொல்லிட்டேன். நீங்க அன்னைக்கு அப்படித்தான சொன்னீங்க. எங்க தேடியும் முடிவா ஒண்ணும் கிடைக்கல. அதான் உங்ககிட்ட கேக்கேன்."

"நல்ல கேள்வி" என்றார் ஞானதிரவியம். முப்பது வருடப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்தது. "நாளைக்குப் பார்ப்போம்."

"சரி சார்" என்று சொல்லிப் பிம்பம் வைத்துவிட்டது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, எதிர்முனையில் இருப்பது நாகரிகம் தெரிந்த மாணவன் இல்லை. அது நாளைக்கு நிச்சயம் கூப்பிடும்.

நூலகத்தில் தூசி தட்டாத அலமாரி அன்று திறந்தது. ஞானதிரவியம் படித்தார். புரியாத இடத்தில் மறுபடி படித்தார். மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். சாந்தசீலி போன் செய்து திட்டினாள். முழுப் பதிலும் கிடைக்கவில்லை. ஆனால் எதுவரை தெரியும், எங்கிருந்து தெரியாது என்ற எல்லை முதன்முறையாகத் தெளிவாகக் கிடைத்தது.

மறுநாள் தொலைபேசி முதல் தடவை அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"சார், நேத்துப் பார்ப்போம்னு சொன்னீங்க."

"முழுசாத் தெரியல. பாதி தெரியும். கேளும், சொல்லுதேன்."

"ஒரு நிமிசம் சார்" என்றது அவருடைய குரல். "நான் கேட்டு என்ன செய்ய? பிள்ளைகளெல்லாம் இங்கதான் இருக்காங்க. எல்லாருக்கும் கேக்குத மாதிரியே சொல்லிருங்களேன்."

ஏதோ ஓர் இணைப்பு திறந்த சத்தம் கேட்டது. பிறகு எங்கெங்கோ இருந்து, எஸ்டேட்டிலிருந்தும் கடற்கரையிலிருந்தும், பெஞ்சுகளும் நாற்காலிகளும் நகரும் சத்தம் வந்தது. எழுந்து நிற்கிறார்கள். பின்னணியில் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது.

ஞானதிரவியமும் எழுந்து நின்றார். எதிரே கரும்பலகை இல்லை, ஜன்னலும் சைக்கிள்களும்தான். ஆனாலும் கை சட்டைப்பைக்குள் போனது. ஒரு சாக்பீஸ் துண்டு அங்கே கிடந்தது.

"உக்காருங்க" என்றார்.